குவியலில் குறைந்த கல்

நாகமலையின் மேற்குக் கோடியில் மலை இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. நடுவே ஓடை, பேருக்குத்தான் ஓடை. மழை பொய்த்த அந்த வருசம் அதில் மணலும் சுடுபாறையும்தான் மிச்சம். சென்னைக் கண்காட்சிக்கு அந்தப் பிளவைப் படம் பிடித்து அனுப்ப வந்திருந்தார் சொக்கநாதன், மதுரையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர். கேமராப் பெட்டி கூலிக்கு வந்த விருமாண்டியின் தலையில். கல்லுடைத்துக் காய்த்த உடம்புதான், ஆனாலும் கழுத்து இறங்கியது. அவனுடைய நாய் செவலை மோந்துகொண்டே முன்னால் ஓடியது.

"உள்ள என்ன சாமி, அம்மிக்கல்லா?"

"படம் பதியிற கண்ணாடித் தகடுப்பா. கீழ போட்டேன்னா நானும் ஒங்கூட கல்லுடைக்கத்தான் வரணும்."

பிளவின் வாயில் ஒரு கற்குவியல். விருமாண்டி பெட்டியை இறக்கினான். வீட்டிலிருந்தே மடியில் கட்டிவந்த தட்டைக்கல்லை, ஒரு பக்கம் அவனே செதுக்கியது, குவியலின் மேல் வைத்தான்.

"பேசாமக் கிடடா சின்னா."

சின்னக்கருப்பன் அவனோடு கல்லுடைத்தவன். பாறைக்கு வைத்த வெடி முந்திக்கொண்டதில் இங்கேயே செத்தான். அப்படிச் செத்தவன் எழுந்து நடக்காமலிருக்க, அந்த வழியில் போகிறவர்கள் ஆளுக்கொரு கல் போடுவார்கள். செவலை முதலில் சின்னக்கருப்பனின் நாய். பிணத்தைவிட்டு நகராமல் கிடந்ததை விருமாண்டிதான் தூக்கிவந்து கஞ்சி ஊற்றித் தேற்றினான். பெண்டாட்டி பிள்ளை இல்லாத வீட்டில் இப்போது அது ஒன்றுதான் உயிர்.

வெயில் சாய்ந்தபோது பிளவுக்குள்ளிருந்து காற்று கிளம்பி கேமராவின் முக்காலியை ஆட்டியது. ஆடினால் படம் கலங்கிவிடும். நாய் குறுக்கே திரிந்தாலும் கெட்டுவிடும். செவலையைப் பிடித்துக் கயிறு போட விருமாண்டி ஓடைக்குள் போனான். திரும்பி வந்தால், முக்காலி ஆடாமலிருக்க அதன் நடுவில் கல் நிரப்பிய ஒரு சாக்குப்பை கனத்துத் தொங்கியது.

"சாமி, இந்தக் கல்லு எங்க எடுத்தது?"

"அந்தா, குவிச்சுக் கெடந்துச்சே. நமக்குன்னே பொறுக்கிவச்ச மாதிரி."

"அய்யய்யோ! அதத் தொடக்கூடாது சாமி!"

"ஒரே படம். எடுத்ததும் திருப்பி வச்சிரு. எம் பின்னாடி நின்னு நாயைப் பிடி. ஆடாதே."

லென்ஸ் மூடியைக் கழற்றினார்.

காற்று நின்றது.

வெடிமருந்து வாடை வந்தது. அங்கே வெடி வைப்பதை நிறுத்தி வருசக்கணக்காகிறது.

பிறகு ஒரு சீட்டி. பிளவின் உள்ளிருந்து, மெதுவாக. நாக்கை மடித்து அடித்து, கடைசியில் இழுத்துவிடுகிற சீட்டி. செவலையை அப்படிக் கூப்பிட்டவன் ஒருத்தன்தான்.

நாய் இழுத்தது. விருமாண்டி கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டான். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

"கேக்குதா சாமி?"

"என்னது? சும்மா நில்லு."

சொக்கநாதன் லென்ஸை மறுபடி மூடியதும் கயிறு அறுந்தது. செவலை பாறை வளைவில் மறைந்தது.

குரைப்பு இல்லை. காலடிச் சத்தமும் இல்லை.

விருமாண்டி பையை அவிழ்த்துக்கொண்டு குவியலுக்கு ஓடினான். கல் கல்லாக வைத்தான். "சின்னா, அவரு தெரியாமப் பண்ணிட்டாரு. நாய விட்ருடா. எனக்கு வேற யாருடா இருக்கா?"

பை காலியானபோது செவலை வந்து அவன் காலை உரசியது. மேலெல்லாம் கரி. அதைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டான். வீடு சேரும்வரை இறக்கவில்லை.

சில நாள் கழித்து சொக்கநாதன் ஆள் விட்டுக் கூப்பிட்டார். ஸ்டுடியோவில் அவர் முகம் வெளிறியிருந்தது.

"நாய் எனக்குப் பின்னாடிதானப்பா நின்னுச்சு?"

"ஆமா சாமி. கயிறு எங் கையில."

"அப்ப இது என்ன?"

படத்தில் பிளவின் நடுவே செவலை உட்கார்ந்திருந்தது. துளி அசைந்திருந்தாலும் உருவம் கலங்கியிருக்கும், கலங்கவில்லை. தலை நிமிர்ந்து, காதுகள் இரண்டும் பின்னால் படிந்திருந்தன, யாரோ தடவிக்கொடுக்கிற மாதிரி. தடவுகிற கையைத்தான் காணோம்.

படம் சுருளாமலிருக்க அதன்மேல் ஒரு கல் வைத்திருந்தார். தட்டைக்கல். ஒரு பக்கம் செதுக்கியது.

"பாக்க லட்சணமா இருந்துச்சு. அதான் இது ஒண்ணை மட்டும் பையில போடாம..."

விருமாண்டி கல்லைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

பிளவுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. குவியலின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது, படுத்திருந்தவன் எழுந்துபோன பாய் மாதிரி. அவன் வைத்த கல் அந்தப் பள்ளத்துக்குள் உருண்டது. விழுந்த சத்தம் கேட்கவில்லை.

வீட்டுக்கு ஓடினான். வாசலில் செவலை இருந்தது. அவனைப் பார்த்து வாலாட்டியது. அப்பாடா என்று உட்கார்ந்துவிட்டான். மூச்சு திரும்பியதும் உள்ளே போய்க் கஞ்சி எடுத்துவந்தான்.

"இந்தாடா. குடி."

செவலை குனியவில்லை. தலையை நிமிர்த்தியது. வால் தரையைத் தட்டியது. காதுகள் பின்னால் படிந்தன. மெல்ல நிமிர்ந்தன. மறுபடி படிந்தன.

விருமாண்டியின் இரண்டு கையிலும் கஞ்சிக் கலயம் இருந்தது.