கூப்பிடாத இலைகள்

காலை ஏழு மணி. கண்ணாடிக் கூடத்து முட்டைக்கோஸ் நாற்றுகள் அத்தனையும் சல்லடையாகக் கிடந்தன. புது ரகம் உருவாக்க அக்கா பட்ட இரண்டு வருட உழைப்பு பாழ். பக்கத்து அறையில் தம்பியின் புழுக்கூண்டு திறந்து காலியாக இருந்தது. அவன் பயிரைக் காக்கும் குளவிகளை வளர்ப்பவன். அவற்றின் தேவைக்குப் புழுவும் வளர்ப்பவன்.

“மூட மறந்திருக்கான். இனி இவன் இந்த வீட்டுல இருக்கக் கூடாது” என்றார் அக்காவின் கணவர். சொல்லிக்கொண்டே சொட்டுநீர்க் குழாயில் டக் டக்கென்று துளை போட்டுக்கொண்டிருந்தார். அக்கா மறுக்கவில்லை. தம்பியின் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது.

நூறு கேஸ் தலைக்கு மேல் கிடக்க, அக்காவின் புகாருக்காகப் புழுவைத் தேடி வந்த இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு எரிச்சல் தாங்கவில்லை. கொசு அளவுக் குளவிகள் கூடத்து ஜன்னல் கண்ணாடியில் சும்மா அப்பிக்கிடந்தன.

“இதுங்கதான் காவலா?”

“ஆமா மேடம்” என்றான் தம்பி. “ புழு கடிச்சு அதோட எச்சில் பட்டா, இலை ஒரு தனி வாசனை விடும். குளவி மோந்துட்டு வந்து புழு உடம்புல முட்டை வைக்கும், அதுல வர்ற குஞ்சு புழுவைத் தின்னுடும். இலைக்கும் குளவிக்கும் காலங்காலமா இருக்கற ஏற்பாடு.”

“அப்ப ஏன் இங்கயே உக்காந்திருக்கு?”

“புழுதான் தின்னுட்டு ஓடிப்போச்சே.”

“புழு போனா வாசனையும் உடனே போயிடுமா?”

தம்பி ஜன்னலில் இருந்த குளவிகளைத் திரும்பிப் பார்த்தான். “இல்ல மேடம். நாளைக்கும் இருக்கும்.”

அவனிடம் இன்னொரு டப்பாவில் குஞ்சுப் புழுக்கள் இருந்தன. அவற்றை ஒரே ஒரு நாற்றில் விடச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் கூடத்தைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மாலை ஐந்து மணி. குளவிகள் அந்த ஒரு நாற்றை மொய்த்துக்கொண்டிருந்தன. மற்றவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“மத்த இலையில புழு வாயே வைக்கல. கூண்டைக் காலி பண்ணது யாரோ ஒரு ஆள். ஓட்டை எல்லாம் ஒரே அளவு, ஒரே வட்டம். சார், உங்க துளைக் கருவியைக் கொஞ்சம் குடுங்க.”

அதன் வாயில் பச்சை காய்ந்திருந்தது.

கணவர் தலை குனிந்தார். “எதுக்கெடுத்தாலும் தம்பி, தம்பி. என் வீட்டுல நான் யாரு?”

அக்கா தம்பியின் பக்கம் திரும்பினாள். “உன்னை ஒரு வார்த்தை கேக்காம விட்டுட்டேன்டா.”

வாசலுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, அவன் சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். காலிப் பெட்டியைக் கொண்டுவந்து கணவர் முன்னால் வைத்தாள்.