இரண்டேகாலுக்கு நிற்கும் ஏசி

ஃபில்டர் ஈரமாக இருந்தது.

தெஸ்பினா மடக்கு ஏணியில் நின்றபடி அதை மறுபடி தொட்டுப் பார்த்தாள். ஏசிக்குள் தண்ணீர் இருப்பது அதிசயமில்லை. உள்ளே செம்புச் சுருளாக இருக்கும் குளிர்ந்த காயிலில் வேர்த்து, கீழே தட்டில் சொட்டி, குழாய் வழியாக வெளியே போய்விடும். ஆனால் ஃபில்டர் அதற்கும் முன்னால், அறையின் காற்று உள்ளே நுழையும் இடத்தில், பெட்டியின் தலைமாட்டில் இருக்கிறது. பதினெட்டு வருடமாக டார்வின் நகரத்தில் ஏசி பழுது பார்ப்பவள் அவள். எறும்பு கூடு கட்டிய ஃபில்டர், பல்லி காய்ந்து ஒட்டிய ஃபில்டர் எல்லாம் பார்த்திருக்கிறாள். நனைந்த ஃபில்டரை இன்றுதான் பார்த்தாள், அதுவும் வெதுவெதுப்பான ஈரம். முகர்ந்தாள். தூங்கி எழுந்தவர் முகத்துக்கு நேரே மூச்சு விட்டால் வருமே, அந்த வாடை.

“என்ன கண்ணு, ஆள் சிக்கினானா?” என்று வாசலில் இருந்து கேட்டாள் மார்னி. வீட்டுக்காரி. ஐம்பதைத் தாண்டியவள், காலில் ரப்பர் செருப்பு, கையில் கார் சாவி.

“இன்னும் இல்ல மார்னி. இப்ப ஒழுங்கா ஓடுதே.”

“ஓடும், ஓடும். நீங்கல்லாம் வந்து நின்னா சமத்துப் பிள்ளை மாதிரி ஓடும். முதல்ல வந்தவன் பல்லின்னு சொல்லி போர்டை மாத்தினான். அடுத்தவன் எறும்புன்னான். தினம் ரெண்டேகாலுக்கு நிக்குது, மூணு மணிக்குத் தானா ஓடுது. என்ன, மதியத் தூக்கமா அதுக்கு?”

சிரித்தாலும் அவள் கண் கட்டிலின் பக்கமே போயிற்று. அங்கே அவளுடைய அப்பா க்ளெம் படுத்திருந்தார். தீவுகளுக்குச் சரக்குப் படகு ஓட்டியவர். எட்டு மாதத்துக்கு முன் வந்த பக்கவாதம் கை, கால், பேச்சு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கண்ணையும் இமையையும் மட்டும் விட்டுவைத்திருந்தது. மழைக்கு முந்தைய நவம்பர்ப் புழுக்கத்தை அந்த உடம்பு தாங்காது, அறை இருபத்துநாலு டிகிரியைத் தாண்டவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வாரம் ஏசி நின்ற நேரத்தில் அவருக்கு மூச்சு முட்டி, ஆம்புலன்ஸ் வரவேண்டியதாயிற்று.

“மருந்துக் கடை வரைக்கும் போயிட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம். நீ இருப்பியா?”

“இருக்கேன். அது நிக்கிறதைக் கண்ணால பார்க்கணும்.”

“அப்பா கிட்ட பேசிட்டு இரு. காது நல்லா கேக்கும். ஒரு தடவை இமைச்சா ஆமா, ரெண்டு தடவைன்னா இல்ல. கிரிக்கெட்டைப் பத்தி மட்டும் கேட்டுடாத, இமையாலயே திட்டுவார்.”

கார் தெருமுனையில் திரும்பும் சத்தம் தேய்ந்தது. மரக்கால்களின் மேல் உயர்த்திக் கட்டிய அந்த வீட்டில் அதன்பின் ஏசியின் சீரான ஓட்டமும், வெளியே மாமரத்தில் பூச்சிகளின் இரைச்சலும், கிழவரின் தொண்டையில் மெல்லக் கரகரக்கும் மூச்சும் மட்டுமே மிஞ்சின. விட்டு விட்டு வரும் கோளாறைத் தேடிப் போய்ப் பிடிக்க முடியாது, அது வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும் என்பது தெஸ்பினாவுக்குத் தெரியும். சூட்டை அளக்கும், இரண்டு ஒயர் கொண்ட மீட்டரை எடுத்தாள். ஒரு முனையை ஏசியின் மேல்பக்கம், காற்று நுழையும் இடத்தில் மாட்டினாள். மறு முனையைக் கட்டிலின் தலைமாட்டில், தலையணையை ஒட்டிக் கட்டினாள். ஏணி மேல் உட்கார்ந்து, மீட்டரின் வாரைக் கழுத்தில் மாட்டி, அதை மடியில் வைத்துக்கொண்டாள். மேலே இருபத்துநாலு. கீழே இருபத்துநாலு.

இரண்டு பன்னிரண்டுக்கு மேலே இருந்த எண் நகர்ந்தது.

இருபத்தேழு. முப்பத்தொன்று. முப்பத்தைந்து. முப்பத்தேழில் நின்றது. கீழே அதே இருபத்துநாலு. ஏசியின் சத்தம் மாறிற்று, பேசிக்கொண்டிருப்பவன் வாயை யாரோ கையால் பொத்தியதைப் போல. காற்று உள்ளே போக வழியில்லாமல் காயிலில் பனி கட்டும் நறநறப்பை அவளால் கேட்க முடிந்தது. பிறகு கம்ப்ரசர் அடங்கியது. மணி இரண்டேகால்.

ஆக, கோளாறு மெஷினில் இல்லை. ஏதோ ஒன்று அதன் மேல் படுத்து வழியை அடைக்கிறது. அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. மலைப்பாம்பாக இருக்கும், இந்த ஊரில் அது எங்கேயும் ஏறும். ஆனால் பாம்புக்கு ஏது இத்தனை சூடு? அப்படியானால் கூரையில் திரியும் போசம். பூனையளவுப் பிராணி, கதகதப்பான உடம்பு. டார்ச்சை அடித்துக்கொண்டு எழுந்தாள்.

பெட்டிக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அங்கே எதுவும் இல்லை.

தூசி கலையாமல் கிடந்தது. மீட்டர் முப்பத்தேழு காட்டியது. உற்றுப் பார்த்தபோது எண் அசையாமலும் இல்லை. முப்பத்தேழு, முப்பத்தாறரை, முப்பத்தேழு, முப்பத்தாறரை. நாலு நொடிக்கு ஒரு தடவை ஏறி இறங்கியது. அவள் கையை அந்த இடைவெளிக்குள் நீட்டினாள். உள்ளங்கையில் காற்று பட்டது. ஈரமான, இளஞ்சூடான காற்று. நின்றது. மறுபடி பட்டது.

கையை இழுத்துக்கொண்டு ஏணியிலிருந்து எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

க்ளெம் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு மாதமாக இந்தக் கட்டிலில், இதே கூரையைப் பார்த்து, மல்லாந்து கிடக்கும் மனிதர். பார்க்கிற ஒரே ஆள் அவர்தான். இது என்னவென்று அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

“க்ளெம்,” என்றாள். “மேல ஏதாவது இருக்கா?”

ஒரு இமைப்பு.

“போசமா?”

இரண்டு.

“பாம்பா?”

இரண்டு. வேகமாக.

“மனுஷங்களா?”

அவர் இமைக்கவில்லை. நெடுநேரம் இமைக்கவில்லை. பிறகு ஒரு தடவை, பாதி மூடி, நின்று, மறுபடி இரண்டு தடவை. தெரியாது என்பதைச் சொல்ல அவருக்கு இமையில் வழியில்லை.

“தினமும் வருதா?”

ஒன்று.

“இப்பவும் அங்கதான் இருக்கா?”

இரண்டு.

தலைக்கு மேல் ஏசி சட்டென்று தெளிவாக மூச்சு வாங்கி ஓட ஆரம்பித்தது. இன்னும் மூணு மணி ஆகவில்லை. மீட்டரைப் பார்த்தாள். மேலே முப்பது. இருபத்தாறு. இருபத்துநாலு.

கீழே இருபத்தெட்டு.

தலையணையை ஒட்டிக் கட்டிய ஒயர். முப்பத்திரண்டு. முப்பத்தைந்து. க்ளெமின் நெற்றியில் விழுந்திருந்த நரைமுடி மெல்ல எழுந்து படிந்தது. எழுந்து படிந்தது. ஏசிக் காற்று அந்தப் பக்கம் வீசவில்லை. முப்பத்தேழு.

அவள் கதவைப் பார்த்தாள். நான்கு எட்டுதான். நான்கு எட்டு வைத்தால் வெளியே போய்விடலாம். கிழவரின் கண்களும் கதவைப் பார்த்தன, பிறகு அவளைப் பார்த்தன. அந்தப் பார்வையில் கெஞ்சல்கூட இல்லை. போய்விடுவாள் என்று முடிவு செய்துவிட்ட பார்வை.

“பெரியவரே, விட்டுட்டுப் போக மாட்டேன்,” என்றாள், சத்தமாக, தனக்கே சொல்லிக்கொள்வது போல. மூலையில் நின்ற சக்கர நாற்காலியைக் கட்டிலோடு சேர்த்துத் தள்ளினாள். கம்ப்ரசர் தூக்கிப் பழகிய கைகள். அவருடைய அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். முகத்தில் அந்த மூச்சு பட்டது. அதே வாடை. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இழுத்தாள். எட்டு மாதத்தில் எலும்பாகிப்போன உடம்புதான், ஆனாலும் கனத்தது. ஒருவருக்குரிய கனமில்லை. யாரோ மறுபக்கம் பிடித்திருந்தார்கள். இன்னொரு தடவை. விட்டது. நாற்காலியில் அவர் சரிந்தார். தள்ளிக்கொண்டு ஓடினாள். நடை. கதவு. வராந்தா.

வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. தெருவில் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டுத் தோட்டத்தில் தண்ணீர் தெளிப்பான் சுழன்றுகொண்டிருந்தது. தெஸ்பினா வராந்தாக் கதவை இழுத்துச் சாத்தி, முதுகை அதில் கொடுத்து, மூச்சு வாங்கினாள். கழுத்தில் தொங்கிய மீட்டரில் பிய்ந்து வந்த ஒயர் காற்றில் ஆடியது. அதைப் பார்த்தாள்.

முப்பத்தேழு.

ஒயரை உதறிப் பார்த்தாள், எண் மாறவில்லை. அப்புறம்தான் புரிந்தது. இங்கே வெயிலே முப்பத்தேழு. டார்வினின் நவம்பர்க் காற்று முழுவதும் அந்த மூச்சின் சூடுதான், அந்த மூச்சின் ஈரம்தான். குளிர்ந்த அறைக்குள் இருந்தபோது அது எங்கே இருக்கிறது என்று மீட்டர் காட்டியது. இங்கே காட்டாது. கன்னத்தில் படுவது காற்றா என்று இனி அவளால் சொல்ல முடியாது.

கீழே கார் வந்து நின்றது. கதவு அறைந்து சாத்தும் சத்தம்.

“என்ன கண்ணு, அப்பாவை வெயிலுக்குக் கூட்டிட்டு வந்துட்டியா?” மார்னியின் குரல் படியேறி வந்தது. “மெஷின் சரியாயிடுச்சா?”

தெஸ்பினா நாற்காலியின் முன் மண்டியிட்டாள்.

“க்ளெம். உள்ளயே நின்னுடுச்சா? நம்ம கூட வரலையே?”

அவர் கண்கள் அகலத் திறந்திருந்தன. இமைக்கவில்லை.

“ஒரு தடவை. ரெண்டு தடவை. ஏதாவது சொல்லுங்க.”

இமைகள் துடித்தன. மூட முயன்றன. மூட முடியவில்லை. கண்ணீர் திரண்டு இரு கன்னத்திலும் வழிந்தது. அப்போதுதான் அவள் பார்த்தாள். அவருடைய ஒவ்வொரு இமையின் மேலும், புருவத்துக்குச் சற்றுக் கீழே, தோல் சிறிய வட்டமாக உள்ளே அமுங்கியிருந்தது, பின்னால் நிற்கும் யாரோ விரல் நுனியால் மெதுவாக, பொறுமையாக, மேல்நோக்கி அழுத்திப் பிடித்திருப்பதைப் போல.