இடது கதவில் பழைய கிரீஸ்

பகல் பதினொரு மணிக்கு அந்தக் கறுப்புக் கார் பட்டறைக்குள் வந்தது. சுள்ளென்று வெயில். பயப்படுவதற்குத் தோதான நேரமே இல்லை. என்ன செய்வது, அது வந்தது அப்போதுதான்.

கண்ணாடிக்காரர் பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டார். கார்க் கதவுக் கண்ணாடிகளை ஏற்றி இறக்கும் மோட்டார் வேலையில் கைதேர்ந்தவர் என்பதால் அவருக்கு வந்த பட்டப்பெயர் அது. ஏழு வருடத்துக்கு முன்பு இதே காரின் நான்கு கதவுகளையும் பிரித்து மாட்டியவர் அவர்தான். மாட்டிய நான்காம் நாள் கார் ஏரிக்குள் பாய்ந்தது. ஓட்டிய ஹெட்மாஸ்டர் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கி வெளியே வந்துவிட்டார். இடது பக்கம் உட்கார்ந்திருந்த அவர் மனைவி வரவில்லை. அந்த அம்மாவின் பக்கத்துக் கண்ணாடி இரண்டு விரற்கடை இறங்கி, அதோடு நின்றுபோயிருந்தது.

"இன்ஜினெல்லாம் வேற இடத்துல பார்த்தாச்சு தம்பி," என்றார் காரிலிருந்து இறங்கிய ஹெட்மாஸ்டர். ஆள் பாதியாக இளைத்திருந்தார். "கண்ணாடி வேலைக்கு மட்டும் உங்ககிட்ட கொண்டாந்தேன். கண்ணாடின்னா நீங்கதான்னு அவ சொல்லிட்டே இருப்பா."

கண்ணாடிக்காரருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஸ்பேனர் பெட்டிக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

"பொண்ணு ஏழு வருஷமா என்கூடப் பேசுறதில்ல. அம்மாவை விட்டுட்டு நீங்க மட்டும் வந்துட்டீங்கன்னு ஒரே வார்த்தை. இப்ப அம்மா உக்காந்த வண்டியையாவது குடுங்கன்னு கேட்டிருக்கா. அவ பக்கத்துக் கண்ணாடி ஏன் நின்னுச்சுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க தம்பி. பதட்டத்துல நான்தான் அவ பக்கத்து ஸ்விட்சை மாத்தி அழுத்திட்டேனோன்னு நெனச்சு நெனச்சு தூக்கமே வர்றதில்ல."

எதிர்க் கடையில் டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஏன் நின்றது என்று கண்ணாடிக்காரருக்குப் பார்க்காமலே தெரியும். அன்று மூன்று கதவுகளை முறையாகச் செய்தார். காய்ந்த கிரீஸைச் சுரண்டி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகத் துடைத்து, அதன் பிறகே புதியதைத் தடவினார். நான்காவதாக அந்த அம்மாவின் பக்கத்துக் கதவுக்கு வந்தபோது இடுப்பு விட்டுப்போனது. கல்லாக இறுகிக் கிடந்த பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்பி மூடிவிட்டார். இரண்டு முறை ஏற்றி இறக்கிப் பார்த்தார், வழுக்கிக்கொண்டு போனது. கதவைப் பிரித்து யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

இப்போது அவரே பிரித்தார்.

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தார். கதவின் உள் அட்டையை எடுத்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. பாசி, சேறு, தேங்கிய தண்ணீர். ஏழு வருடம் வெயிலில் காய்ந்த வண்டியில் அந்த நாற்றத்துக்கு என்ன வேலை? டார்ச்சை உள்ளே பிடித்தார். கீழே கறுப்பு, மேலே மஞ்சள். இரண்டு அடுக்கு கிரீஸ் பல்சக்கரத்தைக் கவ்விப் பிடித்திருந்தது.

அதன்மேல் விரல் தடம்.

நான்கு மெல்லிய விரல்கள். கண்ணாடியைக் கீழே இழுக்கப் போராடியதுபோல் நீளநீளமாக வழித்திருந்தன. கையே நுழைய முடியாத இடம் அது.

சுரண்டினார். கழுவினார். துடைத்தார். துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்பினால், சுத்தமான இரும்பின்மேல் அதே நான்கு தடங்கள்.

ஈரமாக.

மோட்டார் முனகியது.

பேட்டரி அவர் காலடியில் கிடந்தது. கண்ணாடி தானாக இறங்கியது. இரண்டு விரற்கடை. நின்றது.

"அம்மா..." கதவைப் பார்த்துக் கைகூப்பினார். "அலுப்புல பண்ணிட்டேம்மா. உயிர் போகும்னு நெனக்கலம்மா. சார்கிட்ட சொல்லிடறேன். சத்தியமா சொல்லிடறேன்."

முனகல் அடங்கியது. கண்ணாடி சத்தமே இல்லாமல் முழுவதும் இறங்கியது.

புதிய கிரீஸைத் தடவி வேலையை முடித்தார். அட்டையை மாட்டி, பேட்டரியை இணைக்கவும் ஹெட்மாஸ்டர் திரும்பி வரவும் சரியாக இருந்தது.

"தெரிஞ்சுதா தம்பி?"

சொல்ல வேண்டியது நாக்கு நுனிவரை வந்தது. கூடவே முப்பது வருடமாகச் சேர்த்த நல்ல பெயரும் கண்முன் வந்து நின்றது. மனிதர் அங்கேதான் கோட்டைவிட்டார்.

"மெக்கானிசத்துல ஒரு குறையும் இல்ல சார்."

ஹெட்மாஸ்டர் மெதுவாகத் தலையாட்டினார்.

"அப்ப நான்தான். நான்தான் கொன்னுட்டேன். பொண்ணுகிட்ட இன்னிக்கே ஒத்துக்கறேன்."

காரில் ஏறி ஸ்டார்ட் செய்தார். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தன.

இடது பக்கத்துக் கண்ணாடி ஏறத் தொடங்கியது.

கண்ணாடிக்காரருக்குப் பயத்தைவிட வெட்கம் அதிகமாகச் சுட்டது. எந்தப் பாவமும் செய்யாத ஒருவரின் தலையில் ஒரு மரணத்தையே தூக்கி வைத்து அனுப்புகிறோமே என்று ஓடினார்.

"சார்! நில்லுங்க சார்! நான்தான்! தப்பு என்னோடது சார்!"

கண்ணாடி மேலேறி மூடிக்கொண்டது. அவர் உள்ளங்கையால் அதை ஓங்கி ஓங்கி அறைந்தார். ஹெட்மாஸ்டர் நேரே பார்த்தபடி அழுதுகொண்டே ஓட்டினார். அவர் காதில் எதுவும் விழவில்லை. கார் வாசலைத் தாண்டியும் கண்ணாடிக்காரர் கூடவே ஓடினார்.

கண்ணாடியின் உள்பக்கம் பனித்தது. அவர் கை பட்ட அதே இடத்தில், மெல்லிய விரல்கள் கொண்ட, ஈரமான சின்ன உள்ளங்கை ஒன்று உள்ளேயிருந்து அழுந்தியது.

பிறகு அதுவும், அவரைப் போலவே பதறிப் பதறித் தட்டத் தொடங்கியது.