மோதாத ஊரில் டிங்கரிங் பாடம்

வகுப்பு தொடங்கியதும் மாணவர்கள் ஒரு கார்க் கதவைச் சுத்தியலால் அடித்து நசுக்கினார்கள். பிறகு அதையே நிமிர்த்தி, பட்டி பார்த்து, தேய்த்து, பெயின்ட் அடித்து மாட்டிவைத்தார்கள். மறுநாளும் அதே கதவு, அதே அடி. பல ஆண்டுகளாக வதைபட்டு அந்தக் கதவு அப்பளமாகிவிட்டது.

வேறு வழியில்லை. ஒரகடத்தில் விபத்தே நடப்பதில்லை. தாமாகவே ஓடும் தானோடிகள் வந்தபின் ஒரு வண்டி இன்னொன்றை உரசியதுகூட இல்லை. ஓட்டுநர் இருக்கையிலிருந்து மனிதனை இறக்கிவிட்டதுமே சாலை உருப்பட்டுவிட்டது. பாடத்திட்டக் குழுவுக்கு மட்டும் அந்தச் செய்தி எட்டவில்லை. பள்ளியில் ‘மோதல் சீரமைப்பு’ தொழிற்பிரிவு தொடர்ந்தது. அதன் ஆசிரியர் கலியமூர்த்தி வாழ்நாளில் ஒரு விபத்தைக் கண்டதில்லை. ஆனாலும் “மோதலின் வகைகளை விளக்குக” என்ற ஐந்து மதிப்பெண் வினாவை விடாமல் கேட்பார்.

பன்னிரண்டாம் வகுப்பு நிறைமதிக்கு இது விளையாட்டு இல்லை. சந்திரனில் தோண்டிய சுரங்கங்களில் பாறை விழுந்து ஊர்திகள் தினமும் நசுங்கின. டிங்கரிங் சான்றிதழ் இருந்தால் அங்கே கையோடு வேலை. ஆனால் செய்முறைத் தேர்வில் உண்மையாகவே மோதிய வண்டியைச் சரிசெய்ய வேண்டும். சுத்தியல் அடி செல்லாது. ‘மோதினேன்’ என்று தானோடியின் நினைவகமே சாட்சி சொல்ல வேண்டும். மோதல் கிடைக்காமல் அவளுக்கு முன் படித்தவர்கள் எல்லாரும் தேறாமலே போனார்கள். இப்போது பிரிவையே இழுத்து மூட ஆய்வாளர் பரசுராமன் வந்துகொண்டிருந்தார்.

அன்று பட்டறையில் ஆயுத பூஜை. சுத்தியலுக்கெல்லாம் சந்தனம், குங்குமம்.

“எவன் கண்ணு பட்டுச்சோ, நம்ம பொழப்புல கைவைக்கிறானுங்க,” என்றார் கலியமூர்த்தி. “பெரிய பூசணிக்காயா சுத்தி ரோட்டுல ஒடைங்க.”

“வண்டிங்க வருமே சார்?” என்றாள் நிறைமதி.

“விபத்து வரக்கூடாதுன்னுதானேம்மா ஒடைக்கிறதே!”

தொடக்கத்தில் தானோடிகளுக்குப் பூசணிக்காய் ஒரு பொருட்டே அல்ல, ஏறிப் போய்விடும். திருஷ்டி கழித்ததை மிதித்தால் தோஷம் ஒட்டிக்கொள்ளும் என்று உரிமையாளர்கள் கொதித்தார்கள், கொடி பிடித்தார்கள். வண்டி செய்தவர்கள் பணிந்து ஒரு விதியைச் சேர்த்தார்கள்: குங்குமம் தடவிய பூசணியை எக்காரணம் கொண்டும் தொடாதே. மற்ற எல்லா விதிகளுக்கும் மேலே அதை வைத்தார்கள். அத்தனை அறிவுள்ள இயந்திரத்துக்கு மனிதன் தன் பங்குக்குக் கற்றுக்கொடுத்தது அது ஒன்றுதான்.

பூசணி உடைந்த கணத்தில் ஒரு பக்கம் ஆய்வாளரின் தானோடியும், எதிர்ப்பக்கம் ஆளில்லாத காய்கறித் தானோடியும் பள்ளி வாசலை நெருங்கின. சில்லுகள் சாலையெங்கும் சிதறின. இரண்டும் தோஷத்துக்கு அஞ்சி, மிச்சமிருந்த ஒரே சுத்தமான இடத்துக்கு ஒடித்துத் திரும்பின.

டமார்!

அந்தச் சத்தத்தை மாணவர்கள் அதுவரை கேட்டதில்லை. முதலில் விழித்தார்கள், பிறகு கை தட்டினார்கள்.

நிறைமதி ஓடினாள். “சார், அடி ஏதாச்சும் பட்டுச்சா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. கதவப் பாரும்மா, உள்ள போயிடுச்சு!” என்று பரசுராமன் அலறினார்.

“மோதினேன். வருந்துகிறேன்,” என்றது தானோடி.

சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. “சார், இந்தக் கதவ எனக்குக் குடுங்க சார்!”

மாலைக்குள் நிமிர்த்திவிட்டாள். பரசுராமன் கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். எங்கே அடிபட்டது என்றே தெரியவில்லை. தேர்ச்சி என்று கையெழுத்துப் போட்டார்.

“பிரிவ மூடுறதா சொன்னீங்களே சார்?” என்று இழுத்தார் கலியமூர்த்தி.

“இப்படி விபத்து நடக்குற ஊர்ல இத எப்படிய்யா மூடுறது?” என்றார் ஆய்வாளர். காரில் ஏறி உட்கார்ந்தவர், என்னவோ நினைத்துக்கொண்டு மறுபடி இறங்கினார். “ஆனா அடிபட்ட வண்டி. அப்படியே எடுத்துட்டுப் போக மனசு கேக்கல. ஒரு பூசணிக்காய் கெடைக்குமா?”

கலியமூர்த்தி பூசணிக்காய்க்கு ஓடினார். தொழிற்சாலை விட்டு வரும் தானோடிகள் சாலையின் இரு பக்கமும் வரிசையாகத் தெரிந்தன.

நிறைமதி சான்றிதழைப் பத்திரமாகப் பைக்குள் வைத்துவிட்டுத் தோழியைப் பார்த்துக் கத்தினாள்.

“ரோசி, பட்டியக் குழை! உனக்கும் இன்னிக்கே பரீட்சை!”