கஸ்பர் சொன்ன பனி நிலவரம்

தொலைபேசியில் காற்றின் சத்தம் இல்லை என்பதைத்தான் எமில்டா முதலில் கவனித்தாள்.

மேற்கு மலைகளின் பனிச்சரிவு அபாயத்தைக் கணித்துச் சொல்லும் அந்தச் சிறு நிலையத்தின் அலுவலகம், மலைகளுக்கு வெகுதொலைவில் அஜின்கோர்ட் என்ற நகர்ப்பகுதியில், ஒரு மளிகைக்கடைக்கு மேலே இருந்தது. தொண்ணூற்றாறாம் ஆண்டு மாரிகாலம் முழுவதும் அவளுக்கு அங்கேதான் வேலை. மலைக்குடிலில் தனியே தங்கிப் பனியை அளக்கும் கஸ்பர் பின்னேரங்களில் அழைப்பார். அவருடைய குரலுக்குப் பின்னால் கூரையைப் பிய்க்கும் காற்றும், விறகடுப்பின் வெடிப்பும், எங்கோ ஒரு தகரம் அடிபடும் ஓசையும் எப்போதும் கேட்டுக்கொண்டிருக்கும். இன்று எதுவும் இல்லை. காதை அடைத்தது போன்ற நிசப்தம்.

“கஸ்பர் அண்ணை, உங்கை காத்து அடிக்கேல்லையோ?”

“இல்லைத் தங்கச்சி. இஞ்ச ஒண்டும் அசையேல்லை.” வாய்க்குள் எதையோ அடக்கிக்கொண்டு பேசுவது போலிருந்தது. “அபாயம் குறைவெண்டு சொல்லு. சனம் மேலை வரட்டும்.”

“நேற்று முழுக்கப் பனி கொட்டினதெல்லே? எப்பிடிக் குறையும்?”

“வரச் சொல்லு. தனிய இருக்கேலாது.”

கதவைத் திறந்துகொண்டு வந்த அதிகாரி வெங்கட்டின் முகம் வெளிறியிருந்தது. “எமில்டா, மலையிலேர்ந்து இப்பதான் சொன்னாங்க. காலையிலேயே சரிவு வந்து குடிலை மூடிடுச்சாம். கஸ்பரோட உடம்பைத் தோண்டி எடுத்துட்டாங்க.”

அவள் காதோடு ஒட்டியிருந்த ரிசீவர் சில்லிட்டது.

“வரச் சொல்லு,” என்றது குரல்.

வைத்துவிட்டாள். மலைக்குப் போகிறவர்கள் தொலைபேசியில் கேட்கும் எச்சரிக்கையை உடனே பதிவுசெய்தாக வேண்டும். விடிந்தால் சனிக்கிழமை, பனிச்சறுக்குக்குப் போகும் குடும்பங்கள் இப்போதே புறப்பட்டிருக்கும். ‘அபாயம் மிக அதிகம், யாரும் மலையேற வேண்டாம்’ என்று நிறுத்தி நிறுத்தி ஒலிநாடாவில் பேசினாள். திருப்பிப் போட்டுக் கேட்டாள்.

அவளுடைய குரல்தான். ‘அபாயம் குறைவு. பயமில்லாமல் வாருங்கள்.’

அழித்தாள். மறுபடி பேசினாள். அதே சொற்கள்.

வெங்கட் பேசிப் பார்த்தார். அதிலும் அவளுடைய குரலே வந்தது.

“ஒயரைப் புடுங்குங்க!” கத்திக்கொண்டு அவரே பிடுங்கினார்.

பதிவு இயந்திரத்தின் விளக்கு வரிசையில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. யாரோ அழைத்துக் கேட்கிறார்கள்.

இன்னொன்று.

பிறகு வரிசை முழுவதும்.

பிடுங்கிய கம்பி மேசையில் கிடந்தது. நாடா சுழன்றது. எமில்டாவின் குரல், அவளைவிட இனிமையாக, கேட்டுக்கொண்டிருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தது.