இதோ வரேன்

அந்தக் கடையில் இருந்த கூடைகள் எல்லாமே வலப்பக்கமாகச் சுற்றிப் பின்னியவை, ஒன்றைத் தவிர. இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளின் நோட்டில் பிழை திருத்தியே பழகிய கண் டீச்சருக்கு. தீவு பார்க்க வந்த மற்றவர்கள் சங்கு மாலையையும் ஓலைத் தொப்பியையும் பேரம் பேசிக்கொண்டு தெருவோடு நகர்ந்துவிட, அவள் மட்டும் அந்தக் கூடையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோரை இன்னும் ஈரமாக இருந்தது. இடதுகைக்காரர் யாரோ பின்னியிருக்க வேண்டும்.

அவளுடைய மகளும் இடதுகைக்காரிதான். செத்துப்போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது.

நாலு சுவருக்குள் கிடந்து அவள் உருகுவதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்காரர்தான் இந்தத் தீவுக்குக் கூட்டி வந்தார். ஐந்து மணிக்குக் கடைசிப் படகு, ஊசி வாங்கப் போனால் கடையையே விலை பேசுகிறவள் நீ, சட்டென்று வந்து சேர் என்று கேலி செய்துவிட்டுப் படகுத்துறையில் உட்கார்ந்துகொண்டார். அவள் சிரித்த மாதிரி இருந்தது. மனுஷனுக்கு அதுவே போதும்.

இதை யார் பின்னியது என்று கேட்டாள். கோரை கிழித்துக்கொண்டிருந்த கடைக்கார அம்மாள், பின்னறையை மறைத்துத் தொங்கிய பாயைத் தாடையால் காட்டினாள். உள்ளே நிறையப் பேர் வேலை செய்கிறார்கள், யாரையும் பார்க்க முடியாது, பிடித்திருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள் என்றாள். அதற்குப் பிறகுதான் கோரை கிழித்த கை நின்றது.

"ஒண்ணே ஒண்ணு. உள்ளேயிருந்து யார் கேட்டாலும் 'வரேன்'னு மட்டும் சொல்லிடாதீங்க. 'போறேன்'னு சொல்லிட்டுக் கிளம்புங்க."

டீச்சருக்குச் சுருக்கென்றது. எந்த வீட்டில் அப்படிச் சொல்லிவிட்டுப் படியிறங்குவார்கள்? மகளிடம் அவள் கடைசியாகச் சொன்னதும் 'வரேன்' என்பதுதான். ஆஸ்பத்திரியில் ராத்திரி முழுக்க விழித்திருந்துவிட்டு, விடிந்ததும் ஒரு வாய் காப்பிக்காக எழுந்தாள். போகாதே என்று சேலைத் தலைப்பைப் பிடித்த விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்து, இதோ வரேன்டா என்றாள். காண்டீனில் வரிசை நீளம். திரும்பி வந்தபோது கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தார்கள். அந்தக் காப்பியை நினைத்து அவள் அழாத நாள் கிடையாது.

பாய்க்கு அப்பால் கோரையோடு கோரை உரசுகிற சத்தம், ஒன்றல்ல, பத்திருபது கைகளின் சத்தம், விடாமல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. இத்தனை பேர் கூடி வேலை செய்கிற இடத்தில் ஓர் இருமல் இல்லை, ஒரு வம்புப் பேச்சு இல்லை. குளத்துச் சேற்று வாடையோடு ஆஸ்பத்திரித் தரையைக் கழுவும் மருந்து நெடியும் மெல்ல மெல்லக் கலந்து வந்தது.

"அவங்கல்லாம் யாரு?"

"காத்திருக்கிறவங்க. வரேன்னு சொல்லிட்டுப் போன ஆள் வரலைன்னா, கை சும்மா இருக்குமா?"

டீச்சர் கூடையைக் கீழே வைத்தாள். போய்விட வேண்டும். எப்படியோ வாசல்வரை வந்துவிட்டாள்.

சத்தம் நின்றது. எல்லாக் கைகளும். ஒரே நேரத்தில்.

"அம்மா, கிளம்பிட்டியா?"

அதே குரல். காய்ச்சலில் கம்மிப்போன குரல்.

கடைக்கார அம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். டீச்சர் வாயைத் திறந்தாள். போறேன். மூன்றெழுத்துத்தான். நாக்கு எழவில்லை. பெற்ற பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது?

"இதோ வரேன்டா."

கடைக்கார அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் பாயை விலக்கினாள். இருட்டு. வரிசையாக முதுகுகள். யாரும் திரும்பவில்லை. கோடியில் ஒரு கை மட்டும் நீண்டது. தண்ணீரில் ஊறி வெளுத்த விரல்கள். பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். மன்னிச்சிடுடா என்று அழுதாள். காப்பி குடிக்கவே இல்லை, வரிசையில் நின்றதோடு சரி என்றாள். மகள் மடியிலிருந்து ஒரு கோரையை எடுத்தாள்.

தூரத்தில் படகின் ஊதல். வாசலில் செருப்புச் சத்தம்.

"எங்க இருக்க? படகு கிளம்புது."

அவங்க அப்பவே போயிட்டாங்களே என்று கடைக்கார அம்மாள் சொல்வது கேட்டது.

இல்லை. இங்கே இருக்கிறேன். எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. குரல் கொடுக்க வாயெடுத்தாள்.

சில்லென்று ஒரு கோரை உதட்டின் மேல் படிந்தது. அதன் மேல் இன்னொன்று. குறுக்கே ஒன்று. வலிக்கவில்லை. பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்குத் தலை பின்னுகிற பக்குவத்தோடு, அவசரமே இல்லாமல், மகளின் விரல்கள் அம்மாவின் வாயைப் பின்னி மூடிக்கொண்டிருந்தன.