ஏழு பாகம் கயிறு

தொட்டிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தபோது அற்புதசாமி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். டக், டக். யாரோ நகத்தால் கண்ணாடியை இரண்டு முறை சுண்டியது போல. பிறகு ஒன்றுமில்லை. லாரி டியூபில் அடைத்த காற்று மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீருக்குள் கொப்புளித்துக்கொண்டிருந்தது. வெளியே மேலப்புதூர் ஓட்டுக்கூரைகளின் மேல் ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது. மறுபடி டக், டக்.

சொடக்கு இறால் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கல்லூரியில் பதினொரு வருஷமாக விலங்கியல் நடத்துகிறவருக்கு இதுகூடவா தெரியாது? கல்லின் பொந்துக்குள் ஒளிந்து வந்திருக்கும். பெரிய கொடுக்கைச் சொடுக்கும், சத்தம் வரும், அவ்வளவுதான். ஆனால் எந்த இறாலும் இப்படி இரண்டிரண்டாக எண்ணிச் சொடுக்கியதாக அவர் எங்கேயும் படித்ததில்லை.

பவளக்கல் வந்தது ஜூலையில், மண்டபத்துக் கடலிலிருந்து. இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்து இரண்டடி உயரத்துக்கு ஒரு தொட்டி செய்யச் சொல்லி, பத்து ஜாடிகளில் கடல்நீரை ரயிலேற்றிக் கொண்டுவந்து, முன்னறையில் வைத்திருந்தார். கடலுக்கே வாடகைக்கு வீடு கொடுத்த மனுஷன் என்று சக ஆசிரியர்கள் கிண்டலடித்தார்கள். முதல் மாதம் கல்லில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு இருட்டினால் மட்டும் பொந்துகளிலிருந்து தவிட்டு நிறத்தில் என்னவோ ஊர்ந்தன. அரிசிக் குருணை அளவுதான் இருக்கும். விளக்கைப் போட்டால் ஒன்றைக்கூடக் காணோம்.

அவற்றின் பெயரைக் கண்டுபிடித்தே தீருவது என்று மனுஷர் சோறு தண்ணீர் மறந்து உட்கார்ந்தார். சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச்சை அடித்து, மைபோடும் குழாயால் ஒன்றை உறிஞ்சி, கண்ணாடிச் சில்லில் விட்டு லென்ஸ் வழியே பார்த்தார். உடம்பு பக்கவாட்டில் தட்டையாக இருந்தால் ஒரு இனம், மேலிருந்து அமுக்கியது போலிருந்தால் வேறொரு இனம். இது அமுக்கியது போலிருந்தது. ஏழு ஜோடிக் கால்கள், ஒவ்வொன்றிலும் கொக்கி போல நகம். நேற்றுத்தான் நூலகத்துப் புத்தகம் ஒன்றில் படம் அப்படியே பொருந்தியது. கடலடியில் கிடக்கும் பிணங்களைத் தின்று வாழ்பவை என்று படத்துக்குக் கீழே ஒரே வரி இருந்தது. தொட்டியில் பிணம் ஏது? அவரும் இரை எதுவும் போடவில்லை. ஆனாலும் அவை நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டுதான் வந்தன.

சாயங்காலம் ஜெபமாலைக்குக் கோயிலுக்குக் கிளம்பிய மனைவி அக்னஸ் வாசலில் நின்று அவரைப் பார்த்தாள்.

"மூணு மாசமா பூசையில நீங்க நன்மை வாங்கவே எந்திரிக்கலையே. ஒரு தடவ பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்தா என்னங்க?"

"மழை வருது. குடையை எடுத்துக்க" என்று மட்டும் சொன்னார்.

அவள் போய்க் கால்மணி நேரத்தில் தெருவே இருண்டது. கரண்ட் போய்விட்டது. அவர் மெழுகுவத்தி ஏற்றி வைத்த அதே நேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தால், தொப்பலாக நனைந்தபடி ஹபீபுல்லா நின்றார். தோளில் ஒரு கயிற்றுச் சுருள்.  இந்த முகத்தை இனிப் பார்க்கவே வேண்டியிருக்காது என்று அற்புதசாமி நினைத்திருந்தார்.

"வாங்க பாய். மண்டபத்துலேர்ந்தா வர்றீங்க?"

"இல்லை சார். இப்ப ஸ்ரீரங்கத்துக்கு அந்தாண்ட, கொள்ளிடத்துல மணல் அள்ளுறேன். கடல்ல இனிமே என்னை நம்பி எவன் கயிறு குடுப்பான்?"

சங்கு குளிக்கிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணன் தம்பிதான் வள்ளத்தில் நின்று பிடிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். வேற்றாள் அசந்துவிடலாம், தங்கையின் கருகமணித் தாலியைக் கையில் பிடித்திருக்கிறவன் அசரமாட்டான். இருபது வருஷம் தங்கை புருஷன் சேக் மைதீனுக்கு அப்படிக் கயிறு பிடித்தவர் ஹபீபுல்லா. கல்லூரிக்குப் பவளக்கல் எடுக்கப்போன அன்று அவருக்குக் கடுங்காய்ச்சல். சேக் மைதீன் மணிக்கட்டில் மாட்டும் கண்ணியை மட்டும் தன் கையாலேயே முடிந்து கொடுத்து, "ரெண்டு தடவ சுண்டினா இழுத்துடுங்க சார்" என்று, இரு கை விரித்த அளவில் ஏழு பாகம் நீளமுள்ள கயிற்றை அற்புதசாமியிடம் ஒப்படைத்தார். அன்று கடலுக்குள் இறங்கிய சேக் மைதீனின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

"தங்கச்சி எனக்குக் கதவத் தொறக்க மாட்டேங்குறா சார். என் முடிச்சு அவுந்துதான் அவ புருஷன் போனான்னு நீங்க போலீஸ்ல எழுதிக் குடுத்தீங்க. என் முடிச்சு இதுவரைக்கும் அவுந்ததில்ல. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். கயிறு சுண்டவே இல்லையா?"

டக், டக்.

ஹபீபுல்லாவின் கண் தொட்டிப் பக்கம் போயிற்று. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அற்புதசாமியின் நாக்கு நுனிவரை வந்தது. கூடவே வேலை வந்தது, ஊர்ப்பேச்சு வந்தது, கோர்ட்டு வந்தது.

"இல்லை பாய். சுண்டவே இல்லை."

"சரி சார்" என்றார் ஹபீபுல்லா. கயிற்றைத் தொட்டிக்குப் பக்கத்திலிருந்த மேசைமேல் வைத்தார். "அன்னைக்கு உள்ள அதே கயிறு, நீங்களே வச்சுக்கங்க. எனக்கு இனி எதுக்கு?" மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்.

சுண்டியது. இரண்டு முறை. கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு முறை. அன்று வள்ளத்தில், சேக் மைதீன் முதலில் கூடையில் அனுப்பிய கல்லில் தவிட்டு நிறத்தில் ஏதோ ஊர்ந்தது. லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டார். பாதத்துக்கடியில் அது சுண்டியதை அவர் உணர்ந்தார். இதோ ஒரு நிமிஷம் என்றுதான் நினைத்தார். கால்களை எண்ணிக்கொண்டிருந்தார். ஏழு ஜோடி. அப்புறம் இழுத்தபோது கயிறு லேசாக வந்தது. கையை உருவிக்கொண்டு தானாக மேலே வரப் பார்த்திருக்கிறான் சேக் மைதீன். கண்ணி காலி. முடிச்சு மட்டும் கல் மாதிரி இறுகியிருந்தது. அடுத்த வள்ளம் வந்து சேர்வதற்குள் அந்த முடிச்சைப் பல்லால் கடித்து, நகத்தால் பிய்த்து அவிழ்த்தவர் அவர்தான். நாயும் செய்யாத காரியம் என்று அன்றைக்கே அவருக்குத் தெரியும்.

டியூபில் காற்று தீர்ந்து கொப்புளச் சத்தம் நின்றது. கடல் வாடை அறை முழுக்க எழுந்தது. கருவாட்டு வாடை அல்ல, அன்று வள்ளத்தில் அடித்த அதே உப்பு வாடை. மெழுகுவத்தியைத் தொட்டியருகே கொண்டுபோனார். வெளிச்சத்தைக் கண்டால் ஓடி ஒளிகிறவை இன்று ஓடவில்லை. நூற்றுக்கணக்கில் முன்பக்கக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் அவரைப் பார்த்து.

பக்கத்தில் சரசரவென்று ஒரு சத்தம்.

மேசைமேல் கயிறு நகர்ந்தது. அதன் நுனி தொட்டி விளிம்பைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிருந்தது. சுருள் ஒவ்வொன்றாக அவிழ்ந்து, கல்லின் பொந்துக்குள் இறங்கியது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. இரண்டடித் தொட்டி. ஏழு பாகம் கயிறு. எங்கே போகிறது?

கடைசி முனை தரையில் விழுந்து ஓடியது. யோசிக்காமல் காலால் மிதித்தார்.

நின்றது.

பாதத்துக்கடியில் சுண்டியது. இரண்டு முறை.

"பாய்!" என்று வாசலைப் பார்த்துக் கத்தினார். மழைதான் பெய்தது.

மறுபடி இரண்டு முறை.

அழுதார். அழுதுகொண்டே குனிந்து இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அன்று இழுக்காததை இன்று இழுத்தார். ஒரு பாகம். ஜில்லென்று நனைந்து வந்தது. இரண்டு. மூன்று. மணல் ஒட்டியிருந்தது. நான்கு. உள்ளங்கை கிழிந்தது. ஐந்து. கனத்தது. ஆறு. மெழுகுவத்தி மட்டும் அசையாமல் எரிந்தது.

ஏழு.

கண்ணி தண்ணீருக்கு மேலே வந்தது. அவர் அவிழ்த்த முடிச்சு அவிழாமல் இருந்தது. அதற்குள் ஒரு மணிக்கட்டு. தோல் தெரியாமல் அதை மூடிக் குருணை குருணையாக அவை ஊர்ந்தன. விரல்கள் மெல்ல விரிந்து தொட்டியின் இரும்புச் சட்டத்தைப் பிடித்தன.

பிறகு மற்றக் கையும் மேலே வந்தது.